வாசலை வாயில் ஆக்காதீர்கள்

கைப்பிரதியில் 'வாசல்' என்று எங்கே கண்டாலும் அதை அடித்துவிட்டு 'வாயில்' என்று எழுதும் பிழைதிருத்துநர்கள் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: வாசல் பேச்சு, வாயில் எழுத்து. பள்ளியில் படித்த இலக்கணம் அவர்கள் பக்கம் இருப்பது போலத்தான் தெரியும். இல்லின் வாய் 'இல்வாய்'. அது முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று. இல்முன் 'முன்றில்' ஆனதும் புறநகர், நகர்ப்புறம் என்று நாம் மாற்றிப் புழங்குவதும் இதே கணக்கு. இலக்கணப்போலி என்று பெயர். அந்த வாயில்தான் பேச்சில் தேய்ந்து வாசல் ஆனது, ஆகவே மூலத்துக்குத் திருப்பி எழுதுவதே முறை என்பது அவர்கள் வாதம். சொல் வந்த வழியைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் சரியில்லை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் தனித்தனியாகக் குடித்தனம் போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, இவர் வீட்டுக்கு வந்த கடிதத்தை அவர் வீட்டில் போடுகிற வேலை இது.

சோதித்துப் பார்ப்பது எளிது. மாற்றி எழுதி வாய்விட்டுப் படித்தால் போதும். 'விடிகாலையில் எழுந்து வாயில் தெளித்தாள்' என்று எழுதினால் யார் வாயில் எதைத் தெளித்தாள் என்று கேட்கத் தோன்றும். 'வாயில் நிற்கிறார்' என்றாலும் அதே கதிதான்; வாய்+இல் என்ற ஏழாம் வேற்றுமை வந்து குறுக்கே நிற்கும், அதைத் தவிர்க்க 'வாயிலில் நிற்கிறார்' என்று இன்னொரு 'இல்' உருபை மேலும் ஒட்ட வேண்டும். மறுபக்கமும் பாருங்கள். 'நண்பர் வாயிலாக அறிந்தேன்' என்பதை 'நண்பர் வாசலாக அறிந்தேன்' என்று மாற்ற முடியாது. 'காணொலி வாயிலாகத் திறந்துவைத்தார்' என்ற செய்தித்தாள் வாக்கியத்தில் வாசலுக்கு இடமே கிடையாது. தொழிற்சங்கத்தார் ஆலை முன்னால் கூடிப் பேசுவது 'வாயிற்கூட்டம்'. அதை 'வாசல் கூட்டம்' என்றால் கல்யாண வீட்டுக்கு முன்னால் கூடியவர்கள் மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக 'பள்ளிவாசல்'. அதைப் 'பள்ளிவாயில்' ஆக்கிப் பாருங்கள்: தொழுகை நடக்கும் இடம் மறைந்து, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் கேட் வந்து நிற்கும். பள்ளிவாசல் என்ற சொல் எந்தக் கதவையும் குறிக்கவில்லை. கட்டடம், முற்றம், நீர்த்தடாகம், தொழுகைக் கூடம் எல்லாம் சேர்ந்த முழு இடத்துக்கு அது பெயர். வாசலை வாயிலின் கொச்சை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு மற்றவற்றைத் திருத்தலாம்.

கொச்சை என்ற குற்றச்சாட்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். யகரம் சகரமாவது தமிழில் நெடுநாளாக நடப்பது. உயிர் உசிராகிறது, உயரம் ஒசரமாகிறது, முயல் முசலாகிறது, அயலூர் அசலூராகிறது. இவற்றை இன்னும் பேச்சு என்றே ஒதுக்கிவைத்திருக்கிறோம். ஆனால் நெய்கிற தொழிலை 'நெசவு' என்று எழுதும்போது யாரும் சிவப்பு மையைத் தேடுவதில்லை. அங்கே சகரம் எழுத்துக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று. வாசலும் அப்படி வந்து உட்கார்ந்த சொல்தான், அதுவும் நேற்று முந்தாநாள் வந்ததில்லை. திருப்பாவையின் 12ஆம் பாசுரத்தில் ஆண்டாள் 'பனித்தலை வீழ நின் வாசற்கடை பற்றி' என்கிறார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டில், உறங்குகிறவளை எழுப்ப வந்த பெண்கள் வாசலில்தான் நிற்கிறார்கள்.

இந்த அடியில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அவர்கள் தலையில் பனி விழுகிறது. கதவின் சட்டத்துக்குள் நிற்பவர் தலையில் பனி விழாது. மேலே கூரையோ திண்ணையின் தாழ்வாரமோ இருக்கும். பனி விழ வேண்டுமானால் வானம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும்.

தண்ணீர் தெளிக்க முடிகிற இடம்

வாசலுக்கும் வாயிலுக்கும் இருக்கிற வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வாயில் என்பது திறப்பு. சுவரில் விட்ட ஓட்டை, உள்ளே போக ஒரு வழி. அதனால்தான் அது எளிதாகக் கருத்துப் பொருளாக மாறிக்கொண்டது. ஐம்பொறிகள் ஐந்து வாயில்கள் ஆயின. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே சமாதானம் பேசப் போகிற ஆட்களுக்கே வாயில்கள் என்று பெயர். தோழி, பாணன், விறலி, விருந்தினர் என்று பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியம் பட்டியல் போடுகிறது. ஒரு மனிதன் வாயில் ஆக முடியும், ஏனென்றால் அவன் வழியாகச் சொல் உள்ளே போகிறது. மனிதன் வாசல் ஆக முடியாது. வாசல் தரை. அதைப் பெருக்கலாம், மெழுகலாம், தண்ணீர் தெளிக்கலாம், கோலம் போடலாம், பந்தல் போடலாம், நெல் காயப்போடலாம். கதவை என்ன செய்தாலும் இதெல்லாம் செய்ய முடியாது.

'வீடு வாசல்' என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். 'வீடு வாசலை விட்டுட்டு வந்துட்டான்' என்கிறோம். காடு கழனி, நிலம் புலம், ஆடு மாடு என்று தமிழ் இணைசேர்க்கும்போது அருகருகே இருக்கிற இரண்டு பொருளைத்தான் சேர்க்கிறது. ஒன்றையும் அதன் உறுப்பையும் சேர்ப்பதில்லை. 'வீடு கதவு' என்று யாரும் சொல்வதில்லை. வாசல் வீட்டின் உறுப்பாக இருந்திருந்தால் அந்த இணையே உருவாகியிருக்காது. வீட்டுக்குப் பக்கத்தில், வீட்டோடு சேர்ந்து, ஆனால் வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒன்று அது.

அண்டை மொழிகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. மலையாளத்தில் 'வாதில்', கன்னடத்தில் 'பாகிலு', தெலுங்கில் 'வாகிலி'. எல்லாம் ஒரே வேர். மலையாளியும் கன்னடக்காரரும் அந்தச் சொல்லைக் கதவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாதிலைத் தட்டலாம், பாகிலைச் சாத்தலாம். தெலுங்கில் வாகிலியைப் பெருக்கிச் சாணி தெளித்துக் கோலம் போடுகிறார்கள். அதாவது ஒரே சொல் இரண்டு மொழிகளில் மரத்தில் ஏறிக்கொண்டது, இரண்டு மொழிகளில் மண்ணில் இறங்கிவிட்டது. தமிழ் மண்ணில் இறங்கிய பக்கம். கதவுக்குத் தமிழில் கதவு என்ற தனிச்சொல் எப்போதும் இருந்தது. வாசல் அந்த வேலையைப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. ('வாசம் செய்யும் இடம், அதனால் வாசல்' என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த நான்கு மொழிச் சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் தானே விழுந்துவிடும்.)

தெளிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வாசல் எதுவரை என்பதை அந்தக் கணக்குதான் சொல்கிறது. மண் வாசலில் முதலில் வீட்டுப் பக்கத்திலிருந்து தெருப் பக்கமாகப் பெருக்குவார்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சாணம், கட்டியில்லாமல் கரைத்து, கையால் அள்ளி வீசி வீசித் தெளிக்க வேண்டும். ஊற்றினால் குழியாகிச் சேறாகும். தெளித்தவுடன் கோலமும் போடக் கூடாது. மண் தண்ணீரைக் குடித்து, பளபளப்பு போய், ஈரம் மட்டும் நிற்கிற அந்தச் சில நிமிடம்தான் நேரம். அதற்கு முன்னால் போட்டால் மாவு கரைந்து கோடு வீங்கும். தாமதித்தால் மாவு மண்ணைப் பிடிக்காமல் முதல் காற்றிலேயே பறந்துவிடும். சிமெண்ட் வாசலில் வேறு தொல்லை: தண்ணீர் உள்ளே இறங்காது. கழுவியபின் தென்னந்துடைப்பத்தால் நன்றாகத் தள்ளிவிட்டு, ஈரம் மட்டும் பூத்திருக்கும்படி செய்ய வேண்டும். அரிசி மாவு மட்டும் என்றால் விரலிடுக்கில் ஈரம் பட்டுக் கட்டிப்படும், கோடு விட்டுவிட்டு விழும். கல்மாவைக் கொஞ்சம் கலந்தால் ஒரே சீராக இறங்கும். தெளித்த நீர் எதுவரை போயிற்றோ அதுவரைதான் அந்த வீட்டின் வாசல். பத்திரத்தில் மனையின் எல்லை சுவரோடு முடிந்திருக்கலாம். தெருவில் நாலடி தள்ளியும் வாசல் இருக்கும், அதற்கு யாரும் பட்டா வாங்கியதில்லை.

இந்தப் பட்டா இல்லாத நிலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் பேச்சு பொய்யாகிவிடும். யார் வாசலோடு நிற்க வேண்டும், யார் திண்ணை வரை வரலாம், யார் நடை தாண்டலாம், யார் கொல்லைப் பக்கமாகத்தான் வர வேண்டும் என்பதைச் சாதி அங்குலக் கணக்கில் வகுத்து வைத்திருந்தது. சிலருக்கு வாசல் வரைகூட அனுமதி இல்லை, தெருமுனையிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். 'வாசலோடு அனுப்பிவிட்டார்கள்' என்ற தொடரில் இன்றைக்கும் ஒரு அவமானம் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். வாயில் என்ற சொல்லில் அந்தக் காயம் இல்லை. திருத்துகிறவர் அதையும் சேர்த்துத்தான் அழிக்கிறார்.

ஊருக்கு ஒரு வாசல்

வாசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தமிழ்நாடு முழுக்க ஒரே பதில் கிடைக்காது. கொங்கு நாட்டில் வாசல் என்றால் நல்ல விசாலமான திறந்தவெளி. கட்டிலைப் போட்டுப் படுக்கலாம், கடலைக்காய் காயப்போடலாம், விசேஷத்துக்குப் பந்தி வைக்கலாம். தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவில் வானம் தெரிகிற பகுதியும் வாசல்தான். தஞ்சைப் பக்கம் வாசல், திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று வரிசை கட்டி நிற்கும். அங்கே வாசல் தெருவை ஒட்டிய முதல் துண்டு, நடுவில் வானம் தெரிவது முற்றம். ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம் 'வாசல்ல போய்ப் பாருங்க' என்றால் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு பார்க்கலாம். கும்பகோணத்துக்காரர் தெருவுக்கு வந்துவிடுவார்.

தெற்கே திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் 'நடை' குறுக்கே வருகிறது. 'நடையில உக்காராதே' என்றால் வழியில், வாசற்படியில் உட்காராதே என்று பொருள். கோயில்களில் 'நடை திறப்பு', 'நடை சாத்துதல்' என்று சொல்வது இதே நடைதான். கார்த்திகை மாதம் வந்தால் சபரிமலைச் செய்திகளில் தினமும் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு இருக்கிற அடைப்பு 'படலை'. அதற்கு மேலே சின்னதாகக் கூரை வேய்ந்து வழிப்போக்கர் ஒதுங்க இடம் விட்டால் அது 'சங்கடப்படலை'. நாம் கேட் என்று சொல்லிச் சமாளிக்கிற பொருளுக்கு அங்கே முழுசாக ஒரு தமிழ்ச்சொல் புழக்கத்தில் இருக்கிறது.

பின்பக்கத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 'பொழக்கடை' என்று சொல்கிறோமே, அது 'புழைக்கடை'. புழை சிறிய துளை; கடை என்பது வாயிலுக்கு இன்னொரு பழைய பெயர். சின்ன வாயில் என்பதுதான் நேர்ப்பொருள். அதே திருப்பாவையின் 14ஆம் பாசுரத்தில் 'உங்கள் புழைக்கடைத் தோட்டத்து வாவி' வருகிறது. முன்னால் வாசலும் பின்னால் புழைக்கடையும், இரண்டுமே திறப்பைக் குறித்த சொற்கள். இரண்டுமே நகர்ந்து போய் அந்தத் திறப்புக்கு வெளியே இருக்கிற நிலத்தைக் குறிக்கத் தொடங்கின. 'பொழக்கடையில வாழை நிக்குது' என்றால் துளையில் வாழை நிற்கவில்லை. இந்த நகர்வு தமிழுக்குப் பழக்கமானது. புழைக்கடையைத் திருத்தாதவர் வாசலை மட்டும் ஏன் திருத்துகிறார் என்பது விளங்குவதில்லை.

வாசக்கால்

வாசல் தரைதான் என்றால், மரத்தால் செய்து நிற்கவைக்கிற அந்தச் சட்டத்துக்கு என்ன பெயர்? அதற்குத்தான் 'வாசக்கால்' இருக்கிறது. வாசற்கால் என்பதன் பேச்சு வடிவம். ஊருக்கு ஊர் 'நிலை' என்றும் 'நிலைவாசல்' என்றும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நிற்பவை நிலைக்கால்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே படி. நான்கும் சேர்ந்தால்தான் வாசக்கால். உள் அறைகளுக்கு இப்போது கீழ்ச் சட்டம் வைப்பதில்லை, மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தலைவாசலுக்கு மட்டும் நான்காவது சட்டம் பிழைத்திருக்கிறது. தாண்டி உள்ளே வர ஒரு படி வேண்டும், மஞ்சள் பூச ஒரு இடம் வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று, சொல்லையும் சேர்த்தே புதைத்துவிடுகிறது. வாசக்கால் வைக்கும்போது தளம் போட்டிருக்காது. வெறும் கான்கிரீட்தான் இருக்கும். கொத்தனார் அந்த மட்டத்தில் படியை உட்காரவைத்துவிடுவார். பிறகு கலவை ஒன்றரை அங்குலம், அதன் மேல் டைல்ஸ் அரை அங்குலம் என்று தரை இரண்டு அங்குலம் எழும்பும். படி தரையோடு தரையாகிவிடும். மழைத் தண்ணீர் தடையில்லாமல் உள்ளே வரும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், வாசற்படி என்று காட்ட ஒரு மரக்கோடுதான் மிஞ்சும். வைக்கிற அன்றைக்கே தளம் முடியும் மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, படியின் மேல்முகம் அந்தக் கோட்டுக்கு ஒரு அங்குலமாவது மேலே நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெளியே வாசல் தளம் உள்தளத்தைவிடத் தாழ்ந்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது தெருப்பக்கம் சரிய வேண்டும். சரிவு வீட்டுப் பக்கம் திரும்பினால் தெளித்த தண்ணீரே படியை நனைத்து அரிக்கும். கரையான் முதலில் ஏறுவது அங்கேதான்.

நிறுத்துகிறபோது பார்க்க வேண்டியவை மூன்று. நிலைக்கால் இரண்டும் தூக்குக்குண்டுக்கு நேராக, முன்முகத்திலும் பக்கமுகத்திலும் நிற்க வேண்டும். ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவதால்தான் திறந்துவிட்ட கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. அடுத்து மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்ப்பது. மூன்றாவது, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. பக்கத்தில் செங்கல் ஏறும்போது சுவர் நிலைக்கால்களை உள்பக்கமாக நெருக்கும். கட்டை இல்லையென்றால் நடுவில் கால் அங்குலம் வளைந்து, மேலும் கீழும் சரியாக இருக்கிற கதவு நடுவில் பிடிக்கும். இன்னொன்று கதவு மாட்டிய பிறகு வருவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிக் கதவு இறுகினால் உடனே இழைப்புளியை எடுக்கக் கூடாது. தை பிறந்து மரம் காய்ந்தபின்னும் பிடித்தால்தான் சீவ வேண்டும். மழையில் சீவிய கதவு சித்திரையில் ஒரு விரல் சந்து காட்டும்.

இந்த வேலையின் பெருமை பழையது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அரண்மனை வாயில் ஒன்று வருகிறது. கெட்டி இரும்பால் பிணித்து, செவ்வரக்கு பூசி, இரட்டைக் கதவு பொருத்தி, கைதேர்ந்த கம்மியன் இடைவெளி இல்லாமல் முடுக்கிய வாயில் அது. மேலே போட்ட மரத்தை நாளின் பெயர் கொண்ட மரம் என்று பாட்டு சுற்றிச் சொல்கிறது. உத்தரம் என்ற விண்மீனின் பெயர் அது என்று உரை விளக்குகிறது. இன்றைக்கும் அந்தக் குறுக்குமரம் நமக்கு உத்திரம்தான். நிலையில் ஐயவியை, அதாவது வெண்கடுகை அப்பி நெய் பூசியிருந்தார்கள். இப்போது மஞ்சளும் குங்குமமும். யானை கொடியோடு புகுந்து போகிற அந்த உயரத்துக்குப் பாட்டு வைத்த பெயர் வாயில், அது சரியான பெயர். அங்கே வாசல் என்று திருத்த ஒருவர் வந்தால் அவரையும் தடுக்கத்தான் வேண்டும்.

எழுத்து விஷயத்தில் நடைமுறைக்கு ஒன்றைச் சொல்லிவிடலாம். வாசல் என்பதோடு க, ச, ப வரும்போது லகரம் றகரமாகும்: வாசற்கதவு, வாசற்படி, வாசற்கோலம். 'வாசல்ப்படி' என்று ஒற்று போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஒன்று வாசற்படி, இல்லையென்றால் வாசல் படி என்று பிரித்து எழுதிவிடலாம். தகரம் வந்தால் இலக்கணப்படி 'வாசற்றூண்' என்று வரும். அப்படி எழுதினால் படிக்கிறவர் ஒரு நிமிடம் திகைப்பார். வாசல் தூண் போதும். 'நுழைவாயில்' வினைத்தொகை, நடுவில் ஒற்று வராது. 'நுழைவுவாயில்' என்பதும் தவறில்லை, வீண் எழுத்து மட்டும்.

இரண்டு டைல்ஸ் அகலம்

அடுக்குமாடி வந்தபிறகு வாசல் குழம்பிப்போனது உண்மை. 'பார்சலை வாசல்ல வச்சிருங்க' என்று போனில் சொன்னால், கொண்டுவருகிறவர் எதிரில் மூன்று வாசல் இருக்கின்றன: தெருவில் காவலாளி உட்கார்ந்திருக்கும் கேட், லிஃப்ட் இருக்கிற கீழ்த்தள முகப்பு, நாலாவது மாடியில் வீட்டுக் கதவுக்கு முன்னால் இரண்டு டைல்ஸ் அகலத் துண்டு. அவருக்குச் சுலபமானது முதலாவது, சொன்னவர் நினைத்தது மூன்றாவது. அந்த இரண்டு டைல்ஸில்தான் ஸ்டிக்கர் கோலமும் செருப்பு ஸ்டாண்டும் துளசித் தொட்டியும் ஏறிக்கொள்கின்றன. குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில் அது 'பொதுப்பகுதி'. குடியிருப்பவர் வாயில் அது 'எங்க வாசல்'. இந்தச் சண்டையில் பாதி சொல்லால் வருவது. கதவு வரைதான் வீடு என்பது சங்கத்தின் கணக்கு. கதவுக்கு வெளியே ஒரு துண்டு நிலமும் வீட்டோடு சேர்ந்தது என்று வாசல் என்ற சொல் நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பத்திரமா, பழக்கமா என்ற வழக்கில் பத்திரம் ஜெயிக்கும். வாயைத் திறந்தால் வரும் சொல் மட்டும் மாறப்போவதில்லை.

வீடு பார்க்கிறவர்களுக்கு இது பணப் பிரச்சினையாகவும் ஆகிறது. விளம்பரத்தில் 'வடக்கு பார்த்தது' என்றால் மனைக்கு வடக்கே சாலை இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம், வீட்டின் தலைவாசல் வடக்கே திறக்கிறது என்பதாகவும் இருக்கலாம். தனி வீட்டில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபிளாட்டில் கட்டடத்தின் கேட் வடக்கே இருக்க, வீட்டுக் கதவு உள்நடையைப் பார்த்து தெற்கே திறக்கும். திசை முக்கியம் என்று நினைக்கிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் 'கேட்டா, தலைவாசலா' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பார்க்கிற முறை: வீட்டுக்குள் நின்று, தலைவாசல் வழியாக வெளியே பார்த்து, முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதுதான் வாசலின் திசை. போனில் இருக்கிற திசைகாட்டியை இரும்புக் கிரில் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முள் தாறுமாறாகத் திரும்பும். நாலைந்து அடி தள்ளி நின்று, இரண்டு மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

கதவும் இல்லாமல், சுவரும் இல்லாமல் வாசல் மட்டும் தனியாக இருக்குமா? மதுரைக்குப் போனால் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வெளிவீதிகள் போட்டார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் என்று பழைய கோட்டையின் கல்வாசல் ஒன்று கடைகளுக்கு நடுவில் இன்னும் நிற்கிறது. அது போகட்டும், அங்கே காட்டக் கல் இருக்கிறது. பெயரில் மட்டும் வாசல் மிஞ்சிய கீழவாசலில் எதுவும் இல்லை. தெற்குவாசலில் மேம்பாலமும் நெரிசலும் தவிரக் காட்ட ஒன்றும் இல்லை; நிலைக்கால், கதவு, படி எதுவும் கிடையாது. டவுன் பஸ் அங்கே வந்து நின்றதும் கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டு கத்துகிறார்: 'தெக்குவாசல் எல்லாம் எறங்கு.' இறங்குகிறவர்கள் யாரும் எந்தக் கதவையும் தேடுவதில்லை.